அபிராடெரோன்: வெறும் வயிற்றில் நான்கா, காலை உணவுடன் ஒன்றா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது. அவருடைய தந்தைக்கு வயது 73. புரோஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருப்பது இவ்வாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள்; அதனுடன் அபிராடெரோன் 250 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கை நாள்தோறும் வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் பழக்கமான நண்பர் ஒருவர், இங்கேயே சிங்கப்பூரில் வேறொரு மருத்துவமனையில், அதே மருந்தை ஒரே ஒரு மாத்திரையாகக் காலை உணவோடு எடுத்துக்கொள்வதாகச் சொன்னதிலிருந்து தந்தைக்கு நிம்மதி இல்லை. எது சரியான முறை, ஒன்றே போதுமென்றால் நான்குக்கு ஏன் பணம் கட்ட வேண்டும், மருந்து நிறுவனம் நம்மை ஏமாற்றுகிறதா, தந்தையின் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கும் புரதம்) 64இலிருந்து 3க்கு இறங்கியிருப்பதை மருந்து வேலை செய்வதற்கான சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கேள்விகள் பலவாகத் தோன்றினாலும், நான்கு என்ற அந்த எண்ணை யார், எதை வைத்து முடிவுசெய்தார்கள் என்பதுதான் இவற்றின் அடியில் உள்ள கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மற்றவற்றை அவரே ஓரளவு எடைபோட்டுக்கொள்ளலாம்.

நான் புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் மருந்தியல் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். விழுங்கிய மருந்தில் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, அந்த அளவுக்கும் பலனுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதே என் வேலை. நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கு இருந்ததில்லை. ஆகவே, மருந்தளவு எப்படி வந்தது என்பதைப் பற்றி உறுதியோடு எழுதுவேன். உங்கள் தந்தைக்கு எந்த அளவு என்பதை அவருடைய ஸ்கேன்களையும் கல்லீரல் அறிக்கையையும் கையில் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மாத்திரையின் வேலை ஊசி விட்ட இடத்தில்தான் தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் தம் சக ஆய்வாளர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் 1941இல் வெளியிட்ட ஆய்வு, விதைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் பின்வாங்குகிறது என்பதைக் காட்டியது. நோய் தணிந்ததை அவர்கள் கண்டுகொண்டது ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் இரத்த அளவைக் கொண்டு. இன்று பிஎஸ்ஏ செய்யும் வேலையை அன்று அது செய்தது. ஆண் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளரும் புற்றுநோய் இது என்ற அந்தக் கண்டுபிடிப்புக்கு ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். மூளையிலிருந்து விதைகளுக்குச் செல்லும் கட்டளையின் முதல் கண்ணியான எல்எச்ஆர்எச் என்ற சிறு ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழு 1971இல் கண்டறிந்தது. அவர் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்ட லியூப்ரொலைடு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, அறுவையால் செய்ததை ஊசியால் செய்ய முடிந்தது. உங்கள் தந்தைக்குப் போடப்படுவதும் அநேகமாக இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியாகத்தான் இருக்கும்.

ஊசி விதைகளை மட்டுமே அடக்குகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சிறிதளவு ஆண் ஹார்மோனைத் தொடர்ந்து உண்டாக்குகின்றன. அதைவிடக் கவலை தருவது, புற்றுநோய்த் திசுவே கையில் கிடைக்கும் மூலப்பொருள்களிலிருந்து தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்ளப் பழகிவிடுவது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைந்திருக்கும்போதும் நோய் வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது தெளிவாகப் பல ஆண்டுகள் ஆயின. இந்த மூன்று இடங்களிலும் ஹார்மோன் உருவாக ஒரே நொதி வேண்டும். அதன் பெயர் சிஒய்பி17. பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் கீட்டோகோனசோல் அந்த நொதியை ஓரளவு தடுக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்ததால், அதைவிடக் கூர்மையாகத் தடுக்கும் மூலக்கூறு ஒன்றைத் தேடிய லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தின் வேதியியலாளர்கள் 1990களின் தொடக்கத்தில் அபிராடெரோனை உருவாக்கினார்கள். பிறகு அது ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் பெரிய ஆர்வம் இன்றிக் கிடந்தது. டெஸ்டோஸ்டிரோனை அடக்கியும் வளரும் நோய்க்கு ஹார்மோனோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பலரும் நம்பியதே அதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கையை உடைத்தது லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் யோஹான் டி போனோவும் கெர்ஹார்ட் அட்டார்டும் நடத்திய முதல்கட்டச் சோதனை. 2008இல் வெளியான அதன் முடிவுகள்தான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆவணம், எனவே சற்று நின்று பார்ப்போம். பங்கேற்றவர்கள் 21 பேர். நாளொன்றுக்கு 250 மில்லிகிராமில் தொடங்கி 2000 வரை படிப்படியாக அளவைக் கூட்டினார்கள். தாங்க முடியாத பக்கவிளைவு என்று நிறுத்த வேண்டிய நிலை எந்தப் படியிலும் வரவில்லை. புற்றுநோய் எதிர்வினை காட்டியது எல்லாப் படிகளிலும்தான். மிகக் கீழ்ப்படியான 250இலும் சிலருக்கு பிஎஸ்ஏ இறங்கியது. நொதி அடைபடும்போது அதற்கு முந்தைய நிலையில் உள்ள ஹார்மோன்கள் தேங்கி உயரும். அந்த உயர்வு 750 மில்லிகிராமுக்கு மேல் அதிகம் கூடவில்லை. அதிலிருந்து ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு 1000 மில்லிகிராமைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் தவறு ஏதுமில்லை. மாற்று மருந்து அரிதாக இருந்த காலத்தில், வேலை செய்யும் என்ற உறுதி இருந்த அளவை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு விரைந்தது நியாயமான முடிவு. ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: நான்கு மாத்திரை என்பது போதுமான அளவு என்று காட்டப்பட்டதே தவிர, அதற்குக் குறைந்தால் போதாது என்று எந்தச் சோதனையிலும் காட்டப்படவில்லை.

அதன்பின் நடந்த பெரிய சோதனைகள் எல்லாம் அந்த 1000 மில்லிகிராமின் மேல் கட்டப்பட்டவை. கீமோதெரபிக்குப் பிறகும் நோய் வளர்ந்த 1195 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையில், இடைநிலை உயிர்வாழ்வு (பாதிப் பேர் கடந்த காலம்) 10.9 மாதத்திலிருந்து 14.8 மாதமாக உயர்ந்தது. 2017இல் வெளியான லாட்டிட்யூட் சோதனை உங்கள் தந்தையின் நிலைக்கு இன்னும் பொருத்தமானது; நோய் எலும்புக்குப் பரவியதாகப் புதிதாகக் கண்டறியப்பட்ட, ஆபத்துக்கூறுகள் கூடிய 1199 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். ஊசியோடு அபிராடெரோனும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு முடிவில் 66 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் போலி மாத்திரையும் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர். புற்றுநோய் மருந்துகளின் உலகில் இவ்வளவு பெரிய இடைவெளியை நான் அடிக்கடி பார்த்ததில்லை. உங்கள் தந்தையின் மருத்துவர் நான்கு மாத்திரை என்று எழுதும்போது அவர் பின்னால் நிற்பது இந்தச் சான்று.

ஒரு மாத்திரை எப்படிப் போதுமானதாக இருக்கக்கூடும் என்பதற்கு வருவோம். அபிராடெரோன் நீரில் மிக மோசமாகக் கரையும் பொருள். வெறும் வயிற்றில் விழுங்கும்போது அதன் பெரும்பகுதி குடலைக் கடந்து மலத்தோடு வெளியேறிவிடுகிறது. கதிரியக்கக் குறியிட்ட மருந்தைக் கொடுத்து அளந்தபோது, கொடுத்ததில் ஏறக்குறைய 55 விழுக்காடு எந்த மாற்றமும் அடையாமல் வெளியே வந்தது. அதாவது நான்கு மாத்திரைகளில் இரண்டுக்கும் மேல் உடலுக்குள் வேலையே செய்வதில்லை. உணவோடு கொடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. கொழுப்புக் குறைந்த சிறிய சாப்பாட்டோடு விழுங்கினால் இரத்தத்தில் சேரும் மொத்த அளவு சுமார் 5 மடங்கும், கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கினால் சுமார் 10 மடங்கும் ஆகிறது. உச்ச அளவு அதைவிடவும் ஏறுகிறது; கொழுப்பு மிகுந்த உணவில் அது ஏறத்தாழ 17 மடங்கு. மருந்தியலில் உணவால் இவ்வளவு மாறும் மருந்து வேறொன்றைச் சொல் என்று என்னைக் கேட்டால் சட்டென்று பெயர் சொல்லத் தயங்குவேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றைச் சாப்பிடும் மனிதரிடம் இந்த ஏற்றஇறக்கத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பதால்தான், சாப்பிட்டபின் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்தும், அடுத்துச் சாப்பிட ஒரு மணி நேரம் முன்பும் மருந்தை விழுங்க வேண்டும் என்ற விதி வந்தது.

இந்த விதி காகிதத்தில் எளிது. சோதனைகளில் சேர்பவர்களிடம் நாங்கள் ஒரு சிறு குறிப்பேடு கொடுப்பதுண்டு. மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது, என்ன சாப்பாடு என்று எழுதச் சொல்வோம். உணவால் பாதிக்கப்படும் மருந்தொன்றின் சோதனையில் பெரியவர் ஒருவரின் குறிப்பேட்டில் ஒருநாள் பதிவு இப்படி இருந்தது: "6.10 மாத்திரை. 6.20 கோப்பி. 6.30 பரோட்டா 2, மீன் குழம்பு." பேரனைப் பள்ளியில் விட வேண்டிய அவசரம் என்று ஓரத்தில் காரணமும் எழுதியிருந்தார். அன்றைய இரத்த மாதிரியில் அவருடைய மருந்து அளவு மற்ற நாள்களைவிடப் பல மடங்கு ஏறி நின்றது. குறிப்பேடு இல்லாதிருந்தால் ஆய்வகக் கருவியைத்தான் சந்தேகித்திருப்போம்.

உணவு மருந்தை இப்படி உள்ளிழுக்குமானால், மூன்று மாத்திரைகளை மிச்சப்படுத்தி ஒன்றை உணவோடு கொடுத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். அதை முறையாகக் கேட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரஸல் ஸ்முலவிட்ஸ். அவரோடு இதில் நீண்டகாலமாக அக்கறை காட்டியவர் அதே பல்கலைக்கழகத்தின் மார்க் ரட்டேய்ன். நம் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும்: அந்தச் சோதனை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை, சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆராய்ச்சியாளர்களும் அதில் பங்கேற்றார்கள். 72 பேரைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 1000 மில்லிகிராம் வெறும் வயிற்றில், மறு பாதிக்கு 250 மில்லிகிராம் கொழுப்புக் குறைந்த காலை உணவுடன் கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, பன்னிரண்டாவது வாரத்தில் பிஎஸ்ஏ இறங்கிய விதத்தில் ஒரு மாத்திரை முறை பின்தங்கவில்லை. பிஎஸ்ஏ பாதிக்கு மேல் இறங்கியவர்கள் குறைந்த அளவில் 58 விழுக்காடு, வழக்கமான அளவில் 50 விழுக்காடு. நோய் மீண்டும் முன்னேறும்வரை கிடைத்த காலம் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்பது மாதம். இரத்தத்தில் மருந்தின் அளவு நான்கு மாத்திரை எடுத்தவர்களிடம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஆண் ஹார்மோன் இரு பக்கமும் ஒரே மாதிரி அடங்கியது. நொதி முழுவதும் அடைபட்ட பிறகு கூடுதல் மருந்துக்கு அங்கே வேலையில்லை என்று இதை வாசிக்கிறேன். இது என் ஊகம்தான் என்றாலும், 2008ஆம் ஆண்டு முடிவுகளோடு பொருந்தி வருகிறது.

ஆகவே, நண்பரின் மருத்துவர் மனம்போன போக்கில் அளவைக் குறைத்துவிடவில்லை. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு வெளியிடும் சிகிச்சை வழிகாட்டுதலிலும் இந்த முறை ஒரு மாற்றாக இடம்பெற்றுள்ளது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஐயத்துக்கு உரிய பகுதி இதன்பிறகுதான் வருகிறது.

72 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அந்தச் சோதனை அளந்தது பன்னிரண்டு வாரத்துப் பிஎஸ்ஏயை. ஆயுள் நீள்கிறதா என்று அளப்பதற்காக அது வடிவமைக்கப்படவே இல்லை. இவற்றைவிட உங்களுக்கு முக்கியமானது மூன்றாவது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும், ஊசியால் டெஸ்டோஸ்டிரோன் அடங்கிய பின்னும் நோய் மீண்டும் வளரத் தொடங்கியவர்கள். உங்கள் தந்தைக்கோ நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, ஊசியும் மாத்திரையும் ஏறத்தாழ ஒன்றாகத் தொடங்கியிருக்கின்றன. ஊசிக்கு நோய் இன்னும் அடங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை மருத்துவத்தில் வெவ்வேறு கட்டங்கள். முதல் கட்டத்தில் மாத்திரையைப் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கலாம். இழப்பதற்கு இருப்பதும் அங்கேதான் அதிகம். பின்கட்டத்தில் கிடைத்த சிறிய சான்றை முன்கட்டத்துக்கு அப்படியே நீட்டலாமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபடுவது நியாயமே. நீட்டலாம் என்பதற்கு உயிரியல் காரணம் வலுவாகவே இருக்கிறது, நொதி இரு கட்டத்திலும் ஒன்றுதானே. ஆனால் 66 விழுக்காடு என்ற அந்த எண் வந்தது 1000 மில்லிகிராமிலிருந்து. பணமோ பக்கவிளைவோ தடையாக இல்லாதபோது என் வீட்டுப் பெரியவர் உங்கள் தந்தையின் கட்டத்தில் இருந்தால், நான்கையே தொடரச் சொல்லியிருப்பேன். செலவால் மருந்தையே விட்டுவிட வேண்டிய நிலை வந்தால், ஒன்றுமில்லாததற்கு ஒரு மாத்திரை முறை எவ்வளவோ மேல் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

நண்பரும் உங்கள் தந்தையும் ஒரே கட்டத்தில் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு தடயம் உண்டு. அபிராடெரோன் சிஒய்பி17 நொதியை அடைக்கும்போது கார்ட்டிசோல் என்ற அவசியமான ஹார்மோனின் உற்பத்தியும் குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை அட்ரினல் சுரப்பியை விரட்ட, உப்பைத் தேக்கிவைக்கும் வேறு ஹார்மோன்கள் பெருகி, இரத்த அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் இறங்குகிறது, கால் வீங்குகிறது. இதைத் தடுக்கவே கூடவே பிரெட்னிசோலோன் (பிரெட்னிசோனைப் போன்ற ஸ்டீராய்டு) கொடுக்கிறார்கள். புதிதாகக் கண்டறிந்த கட்டத்தில் வழக்கமாக நாளொன்றுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம். ஊசியை மீறி வளர்ந்த கட்டத்தில் நாளொன்றுக்கு இருமுறை. நண்பர் அந்தச் சிறு மாத்திரையைக் காலையும் மாலையும் எடுப்பதாகச் சொன்னால், அவருடைய சிகிச்சையை உங்கள் தந்தையின் சிகிச்சையோடு வைத்து ஒப்பிடுவதில் அதிகப் பொருளில்லை. அபிராடெரோன் அளவைக் குறைத்தால் பிரெட்னிசோலோனும் வேண்டாம் என்று யாரும் தாமாக முடிவுசெய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி பிஎஸ்ஏ. 64இலிருந்து 3க்கு இறங்கியது நல்ல செய்திதான், மகிழ்ச்சியடையுங்கள். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று அறிந்து மகிழ்வது நல்லது. பிஎஸ்ஏ என்ற புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவை இயக்குவதே ஆண் ஹார்மோன்தான். ஹார்மோனை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், புற்றுநோய் உயிரணு சாவதற்கு முன்பே அது பிஎஸ்ஏ சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணைகிறது. வீட்டில் ஆள் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே பிஎஸ்ஏ இறங்குவது, மருந்து சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டது என்பதற்கு மிக நல்ல சான்று; நோய் எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு காலம் அடங்கியிருக்கும் என்பதற்கு அது ஓரளவே சான்று. 72 பேர் சோதனையின் அளவுகோல் பிஎஸ்ஏ என்பதால் நான் ஏன் தயங்குகிறேன் என்பதும் இதிலிருந்து விளங்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிகிச்சை தொடங்கிய முதல் பன்னிரண்டு வாரங்களில் பிஎஸ்ஏ சற்று ஏறினால் அதை மட்டும் வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுசெய்வதில்லை. எலும்பு ஸ்கேனிலும் அப்படித்தான். குணமாகும் எலும்பு சாயத்தை அதிகம் உறிஞ்சுவதால், முதல் மூன்று மாதத்து ஸ்கேனில் புதிய புள்ளிகள் தெரிந்து குடும்பத்தைக் கலங்கடிப்பதுண்டு. அதனால்தான் அடுத்த ஸ்கேனிலும் மேலும் புதிய புள்ளிகள் தோன்றினால்தான் நோய் முன்னேறியதாகக் கணக்கிடுகிறார்கள். உங்கள் தந்தைக்கு எலும்பு வலி குறைந்திருக்கிறதா, நடை தேறியிருக்கிறதா என்பதை நீங்கள் கேள்வியில் எழுதவில்லை. மருத்துவரிடம் பேசும்போது பிஎஸ்ஏ எண்ணுக்கு இணையாக அதையும் சொல்லுங்கள்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். இல்லை என்பது என் பதில், ஆனால் முழு மனநிறைவோடு அல்ல. தன் மருந்தில் கால்பங்கு போதும் என்று நிரூபிக்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்க எந்த நிறுவனத்துக்கும் காரணமில்லை. ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால், குறைந்த அளவைத் தேடும் வேலை பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் தலையில் விழுகிறது; அவர்களால் நூறு பேருக்குக் குறைவானவர்களிடம் சோதனை செய்ய முடிகிறது, ஆயிரம் பேரிடம் முடிவதில்லை. சான்று சிறியதாகவே இருந்துவிடுவதற்குக் காரணம் இந்த அமைப்புத்தான், யாருடைய சூழ்ச்சியும் அன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, புற்றுநோய் மருந்துகளுக்குத் தாங்கக்கூடிய உச்ச அளவைத் தேடுவதை விட்டுப் பொருத்தமான அளவை அனுமதிக்கு முன்பே தேடுமாறு நிறுவனங்களை வற்புறுத்தத் தொடங்கியது. அபிராடெரோனுக்கு அது பத்தாண்டு தாமதம்.

செலவைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் என்ற காப்பீடு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இரண்டிலும் புற்றுநோய் மருந்துக்கான தொகையைக் கோருவது சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலை ஒட்டியே நடக்கிறது. அந்தப் பட்டியல் மருந்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, எந்த நிலைக்கு அது தரப்படுகிறது என்பதையும் பார்க்கிறது. மாதந்தோறும் கோரக்கூடிய உச்சவரம்பும் அதற்கேற்ப அமைகிறது. நண்பரும் உங்கள் தந்தையும் வெவ்வேறு தொகை கட்டுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கும் முன், மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்த்து, தந்தையின் நிலைக்கு எந்தப் பிரிவில் கோரிக்கை போகிறது, அதே மருந்தை வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் மலிவான வகை மருத்துவமனையில் உண்டா என்று கேளுங்கள். வேறு நிறுவனத்தின் மாத்திரை என்பதற்காகத் தந்தை அஞ்ச வேண்டியதில்லை. சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி இன்றி அது மருந்தகத்துக்கு வராது.

இரு முறைகளையும் கலப்பதுதான் இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து. நண்பரைப் பார்த்து நான்கு மாத்திரைகளையும் காலை உணவோடு விழுங்கினால் இரத்தத்தில் பல மடங்கு மருந்து சேரும். நண்பர் உங்கள் தந்தையைப் பார்த்து ஒரு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் போதாமல் போகக்கூடும். அதேபோல, மருத்துவர் ஒரு மாத்திரை முறைக்கு மாற்றினாலும் எந்தக் காலை உணவு என்பது மருந்துச் சீட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆய்வுகளில் கொழுப்புக் குறைந்த உணவு என்றது சுமார் 300 கலோரி, அதில் கொழுப்பிலிருந்து வருவது 7 விழுக்காடு. இட்லியும் சாம்பாரும், இடியாப்பத்தோடு தண்ணீரான குழம்பு, ரொட்டியோடு பழம் போன்றவை அதற்கு அருகில் வரும். தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், நெய்த் தோசை, உளுந்து வடை, நாசி லெமாக், காயாவும் வெண்ணெயும் தடவிய ரொட்டி ஆகியவை வரமாட்டா. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பரோட்டா சாப்பிடும் வழக்கம் தந்தைக்கு இருந்தால், அதை மாத்திரை நேரத்துக்கு வெளியே தள்ளிவைக்க முடியுமா என்பதையும் பார்த்துத்தான் அந்த முறை அவருக்கு ஒத்துவருமா என்று முடிவுசெய்ய வேண்டும். வெறும் வயிற்று முறையில் பலர் இரவு உணவு முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது விழுங்குகிறார்கள். காலை அவசரம் உள்ள வீடுகளில் அது எளிது.

எந்த அளவாக இருந்தாலும் மாறாதவை சில. முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் கல்லீரல் பரிசோதனை வழக்கம். இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் குறைந்தது மாதம் ஒருமுறை. நம்மவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பலதுறை மருந்தகத்தில் தந்தை வாங்கும் மாத்திரைகளில் பயோகிளிட்டசோனோ ரெபாக்ளினைடோ இருந்தால், அபிராடெரோனோடு சேரும்போது சர்க்கரை அபாயகரமாக இறங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடோயினும் மறுபுறத்தில் இரத்தத்தில் அபிராடெரோனின் அளவைக் குறைத்துவிடுகின்றன. புற்றுநோய் மருத்துவரின் திரையில் வேறு இடத்தில் வாங்கிய மருந்துகள் எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடாமல், பெட்டிகளையே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வரவழைத்த சூரணம், லேகியம் இருந்தால் அவையும் அந்தப் பையில் இருக்கட்டும். வாராந்தர மாத்திரைப் பெட்டியை நிரப்புவது வீட்டில் கருவுற்றிருக்கும் அல்லது கருவுறக்கூடிய பெண் என்றால், மேற்பூச்சில்லாத 250 மில்லிகிராம் மாத்திரையை வெறும் கையால் தொடாமல் கையுறை அணிய வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் "அவருக்கு ஒன்று, எனக்கு ஏன் நான்கு" என்று தொடங்கினால் பேச்சு நண்பரின் மருத்துவரைப் பற்றியதாகிவிடும். அதைவிட, தந்தையின் நோய் ஊசிக்கு அடங்கும் கட்டத்தில் இருக்கிறதா, உணவோடு 250 மில்லிகிராம் என்ற முறையை இந்தக் கட்டத்தில் அவர் யாருக்காவது தருகிறாரா, தராவிட்டால் எது தடுக்கிறது, பக்கவிளைவாலோ செலவாலோ நான்கைத் தொடர முடியாமல் போனால் அவருடைய அடுத்த திட்டம் என்ன என்று கேளுங்கள். 2018ஆம் ஆண்டுச் சோதனையை அவர் அநேகமாக அறிந்திருப்பார். அவர் பதில் சொல்லும்வரை தந்தை இப்போதுள்ள நான்கையே, இப்போதுள்ள நேரத்திலேயே தொடரட்டும்.